முத்திரை குத்திய குட்டிக்கரணம்

எனக்கு இருபத்தைந்து வயதாக இருந்தபோது ஒரு பெண்ணின் இடது கால் என் பொறுப்பில் இருந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான லா கூர்னெவில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நாங்கள் சியர்லீடிங் பழகுவோம். மெலிந்தவள் ஒருத்தி மேலே நிற்பாள், என்னைப் போன்ற திடகாத்திரமானவர்கள் கீழே நின்று தாங்குவோம். ஒருத்தி வலது காலைப் பிடிப்பாள், நான் இடது காலை. மூன்று வருடத்தில் அந்தக் காலை நான் ஒருநாளும் நழுவ விட்டதில்லை. அவளுடைய கணுக்காலில் ஒரு மச்சம் இருப்பது அவளுடைய அம்மாவுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

தூக்குவதில் நான் கெட்டிக்காரி. புரளுவதில் பூச்சியம். போட்டி ஆட்டத்தின் நடுவில் எல்லோரும் ஓடிவந்து பின்பக்கமாகக் கைகுத்திக் குட்டிக்கரணம் அடிக்கும் கட்டம் ஒன்று உண்டு. அப்போது நான் மட்டும் பின்வரிசையில் ஒதுங்கி, பல்லைக் காட்டிக்கொண்டு கையை வீசிக்கொண்டிருப்பேன். முன்னால் பாய எனக்குப் பயமில்லை. பின்னால் பாய்வதென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தலையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்த அளவுக்கு எனக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. முதல் வருடம் மெத்தை வழுக்குகிறது என்றேன், இரண்டாம் வருடம் சப்பாத்து சரியில்லை என்றேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மூன்றாம் வருடம் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். என்னைவிட இரண்டு வயது இளைய பெண், ஆனால் என்னைவிட ஒரு முழம் உயரம். இரண்டு வழி சொன்னார். ஒன்று, இந்த முறையும் கையை வீசிக்கொண்டே போட்டிக்கு வரலாம். மற்றது, இந்தப் பருவம் போட்டியை நிறுத்திவிட்டு, புதன்கிழமை வகுப்புக்கு வந்து அடியிலிருந்து புரளப் பழகலாம். அந்த வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். சனிக்கிழமை மாலை போட்டிக்குப் பெயர்ப்பட்டியல் போகவேண்டும், அதற்குள் சொல்லச் சொன்னார். நான் நின்றால் இடது கால் யாருக்கு என்று கேட்டேன். புதிதாக வந்தவளுக்கு என்றார்.

இதை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெலில் ஐந்தாம் மாடியில் அப்பா அம்மாவோடு இருந்தேன். அப்பா இருபது வருடமாக ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். நான் பழகுவது என்னவென்று அவருக்குத் தெரியாது, ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்திருந்தார். ஆனால் ‘ஒரு வருடம் நிற்பது’ என்றது மட்டும் காதில் விழுந்துவிட்டது. சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

“உன்னை இருத்திப்போட்டினமோ?” என்று கேட்டார்.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரே ஒரு பொருள்தான். சோதனையில் கோட்டைவிட்டு, அதே வகுப்பில் இன்னொரு வருடம் குந்துவது. எங்கள் பரம்பரையில் யாரையும் இருத்தியதில்லையாம். தானாகவே விரும்பி ஒருத்தி கீழ் வகுப்புக்குப் போவாள் என்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. நான் தொண்டை வற்ற விளக்கினேன். அவர் தலையாட்டினார். அப்பா பேசாமல் தலையாட்டினால் ஏதோ செய்யப்போகிறார் என்று பொருள்.

அந்த வாரம் நான் பட்ட பாடு. காலையில் வேலைக்குப் போகும்போது நிற்பது என்று முடிவெடுப்பேன், பின்னேரம் திரும்பும்போது நிற்பதில்லை என்று முடிவெடுப்பேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். ஒருநாள் மதியம் ஆளில்லாத நேரம், பயம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மெதுவாகப் பின்னால் சாய்ந்தேன். தொலைபேசி உறைகள் தொங்கிய தட்டு முழுவதும் என்மேல் சரிந்தது. பயம் இருந்தது. நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்த முதலாளி, பசி மயக்கம் என்று இரண்டு வடையைக் கட்டாயமாகத் தின்னவைத்தார்.

வெள்ளிக்கிழமை அப்பா தன் மதிய ஓய்வில், ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ் வாங்கிக்கொண்டு ரயிலேறி லா கூர்னெவுக்குப் போயிருக்கிறார். இதைப் பயிற்சியாளர்தான் பிறகு சொன்னார். அப்பாவின் பிரெஞ்சு முழுவதும் அடுப்படியில் பொறுக்கியது. சுடுகிறது, சுறுக்காக, பின்னால் ஆள் வருகிறது, சரி ஷெஃப். இந்த நாலையும் வைத்துக்கொண்டு, பயிற்சியாளரை ஷெஃப், ஷெஃப் என்று கூப்பிட்டு, என்னை இருத்த வேண்டாம் என்று வாதாடியிருக்கிறார். பயிற்சியாளரும் பொறுமையாக, இது தோல்வி இல்லை, நானும் ஒரு பருவம் நின்றவள்தான் என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். அப்பா நம்பிவிட்டார். ஆனால் நம்பினால் போதுமா? இந்த நாட்டில் அவருக்கு வதிவிடம், வேலை, வீடு எல்லாமே கடதாசியால் வந்தவை. அதனால் ஒரு அத்தெஸ்தாசியோன், அதாவது சான்றுக் கடிதம், கேட்டார். பயிற்சியாளர் வாயில் ரோல்ஸோடு, இந்தப் பெண்ணை யாரும் இருத்தவில்லை, பின்பக்கமாகப் பாயக் கற்பதற்காகத் தன் விருப்பத்தின்பேரில் ஒரு பருவம் போட்டியை நிறுத்துகிறார் என்று எழுதி, கழக முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார். அப்பாவை அனுப்பி நான் முடிவைச் சொல்லிவிட்டதாக நினைத்து, பட்டியலில் என் பெயரையும் வெட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை அந்தக் கடதாசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வாசித்ததும் எனக்குத் தலைகால் தெரியாத கோபம்.

“அப்பா, நான் இன்னும் ஒண்டும் முடிவெடுக்கேல்லை.”

“தம்பொன் குத்தியாச்சு, பிள்ளை.”

முத்திரையை எங்கள் வீட்டில் தம்பொன் என்றுதான் சொல்வோம், அது விழுந்த கடதாசிக்கு அப்பீல் கிடையாது. அவர் அதில் இரண்டு ஓட்டை போட்டு, நீலக் கோப்பில் என் பிறப்புச் சான்றிதழுக்கும் மின்சார பில்லுக்கும் நடுவே செருகினார். என் வாழ்க்கைக்குள் அகப்பையை விடவேண்டாம் என்று கத்தினேன். அவர் கோப்பை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆறு மணிவரை நேரமிருக்கிறது, ஒரு சொல் சொன்னால் பெயரைத் திரும்பவும் போடுகிறேன் என்றார். யோசித்துவிட்டு எடுக்கிறேன் என்றேன். ஆறு மணிவரை அடுப்படியில் தொலைபேசியும் கையுமாக இருந்தேன். அவருக்கு எடுக்கவில்லை. தெரிந்துகொண்டே செய்ய எனக்குத் துணிவில்லாததை அப்பா தெரியாமல் செய்துவிட்டார் என்று அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் அந்தக் கடதாசியை நகலெடுத்துத் தெருவெல்லாம் காட்டியிருந்தார். மரக்கறிக் கடை அண்ணை, பின்பக்கப் படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரித்தார். புதன்கிழமைகளில் என் இடுப்பளவு உயரமான பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை, பயப்படாதீர்கள் மதாம், கீழே விழுந்தால் மெத்தைதான் என்று என் கையைத் தடவிவிட்டாள். பனிக்காலம் முடியும்போது, யாராவது முதுகுக்கு ஒரு கை கொடுத்தால் நானும் பின்னால் பாய்ந்தேன்.

வசந்தத்தில் போட்டி. அப்பாவையும் கூட்டிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் இருந்தேன். புதியவள் குனிந்து இடது காலைப் பிடித்தாள். கால் மேலே போனது. ஒரு கணம், அது கொஞ்சம் ஆடட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவள் விழவேண்டும் என்றில்லை. கொஞ்சம் ஆடினால் போதும். ஆடவில்லை.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதைப் பார்த்த அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து என் காதருகே குனிந்தார்.

“பாத்தியே, நீ இல்லாமலே வடிவாத் தூக்கினம். ஒரு குறையும் இல்லை.”

“ஓம் அப்பா” என்றேன்.

அவள் பத்திரமாகத் தரையில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன். என் இரண்டு கைகளும் மடியில் ஒரு பாதத்தின் அளவுக்குக் குவிந்து இறுகிப்போயிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் விரிக்க முடிந்தது.