பாடிக் கேட்ட தண்ணீர்

திருச்செங்கோட்டில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூளையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வேலை என்றுதான் காலமெல்லாம் பாடம் நடத்தினேன்.

பக்கவாதம் வந்து என் மனைவிக்குப் பேச்சு நின்றுபோனது. பாட்டு மட்டும் வந்தது.

"பேசற நரம்பு கெட்டுப்போச்சுங்க. பாடற நரம்பு தன் வேலையையும் பாத்துக்கிட்டுப் பேச்சையும் சுமக்கப் பழகிக்கும். பாட விடுங்க" என்றார் மருத்துவர்.

சில வாரங்களில், மகளுக்குப் பாடிய தாலாட்டு மெட்டில் "ஏனுங்க, தண்ணி வேணுங்க" என்று என்னிடம் கேட்கத் தொடங்கினாள். அந்த "ஏனுங்க" மட்டும் நீளமாக இழுபடும்.

ஒருநாள் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால், பாத்ரூமுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அதே மெட்டில் பாடினாள்.

"மாமா ஊட்டுல தெனமும் கச்சேரிங்களா?" என்று ஒருவர் சிரித்தார்.

எனக்கு மானம் போய்விட்டது. "வாய மூடு" என்றேன்.

மூடிக்கொண்டாள். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறாள். நரம்பின் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

நேற்று அவள் எதிரில் உட்கார்ந்து அந்தத் தாலாட்டை நானே பாடினேன். அவள் உதடு லேசாக அசைந்தது. பிறகு, யாராவது வந்திருக்கிறார்களா என்று வாசலைப் பார்த்தாள்.