சுருட்டை முடியில் சிக்கிய ஒளி

கப்பல் சமையற்காரர் வேலைக்குக் கிளம்பிய அன்றுதான் அவருடைய இரண்டு வயது மகளுக்குச் சோதனை. காதுக்குள் கருவி பொருத்தி மாதக்கணக்காகியும் குழந்தை எந்தச் சத்தத்துக்கும் திரும்பவில்லை. சத்தம் மூளைவரை போகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியும் கையுமாக நின்று திரையைப் பார்த்தார். கோடு படுத்தே கிடந்தது. தூங்கும் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டுக் கப்பலுக்குக் கிளம்பிவிட்டார். கருவியைக் கழற்றிவிடலாமா என்ற பேச்சு அன்றே தொடங்கியது.

தொப்பி அத்தைக்கு மனசே சரியில்லை. சோதனை நடந்த ஆய்வுக்கூடத்தில், கிழிந்த சோதனைத் தொப்பிகளைத் தைத்துக் கொடுக்க வந்தவள், அங்கேயே ஒட்டிக்கொண்டு, அவற்றைக் குழந்தைகளின் தலையில் மாட்டும் வேலைக்கும் உயர்ந்தவள். தொப்பியிலுள்ள குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மண்டைக்குள் அனுப்பும். மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், திரும்பும் ஒளி மாறும், கோடு எழும்.

அன்று மாலை வீட்டில் அத்தை தன் மகளுக்குத் தலைவாரும்போது வகிட்டில் வெள்ளையாகத் தோல் தெரிந்தது. சீப்பு அப்படியே நின்றது.

"என்னம்மா, பேனா?"

"பேனில்லடி, என் புத்தி."

மறுநாள் டாக்டரிடம் ஓடினாள். "குழந்தை தூங்குதேன்னு முடிய வகிராம மாட்டிட்டேன் டாக்டர். அந்தச் சுருட்டை முடி ஒளியெல்லாம் குடிச்சிருக்கு. ஒளி சரியாப் போகலன்னு மஞ்சள் விளக்கு எரிஞ்சதையும் சட்டை பண்ணல."

"இத்தனை வருஷமா மாட்டறீங்களே!"

"அந்தக் கொழுப்புதான் டாக்டர்."

தாயையும் குழந்தையையும் மறுபடி வரவழைத்தார்கள். அத்தை மழுங்கின குச்சியால் ஒவ்வொரு குமிழுக்கடியிலும் முடியை ஒதுக்கினாள். குழந்தை கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அலறியது.

"கத்தட்டும் விடுங்க, அவங்கப்பா தொண்டை," என்றாள் தாய்.

அலறல் அடங்கியதும், தாய் தன் போனில் வைத்திருந்த கணவரின் அடுப்படிக் குரலை ஒலிக்கவிட்டாள்: "சூடா இருக்கு, தள்ளிப் போ!"

கோடு எழுந்தது. நிறுத்தினார்கள்; இறங்கியது. மறுபடி போட்டார்கள், ஜம்மென்று எழுந்தது. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"போகுதும்மா, மூளைக்குச் சத்தம் போகுது! இனிமே பழக்கறதுதான் பாக்கி."

தாய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். குச்சி எங்கோ தெறித்தது.

மூன்று வருஷம் கழித்து, தொப்பிகளை அலசிக் காயப்போட்டுக் கொண்டிருந்த அத்தையின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"தொப்பி அத்தை, நான்தான்! அப்பா லீவுல வந்து சமைக்கிறார். தள்ளிப் போ தள்ளிப் போன்னு ஒரே சத்தம். தாங்கல அத்தை!"