மடக்கக் கூடாத கால்

எழுபதுகளின் கடைசி வருஷங்களில் நான் செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி, மெட்ராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதைச் சோதிப்பதற்கென்றே மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வந்து சேர்ந்தார்.

மாரடைப்பு. இதயத்தில் ஒரு பகுதி அடிபட்டுப் போயிருந்தது. மிச்சமும் கெட்டுவிடாமல் இருக்க, டாக்டர்கள் அவர் தொடையில் கீறி, ரத்தக்குழாய் வழியாக நீளமான ஒரு பலூனை உள்ளே ஏற்றினார்கள். இதயம் ஓயும்போது பலூன் உப்பும். துடிக்கும்போது சுருங்கி வழிவிடும். வேலையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்வதால் இதயத்துக்குக் கொஞ்சம் ஓய்வு. கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி 'டக், டக்' என்று அதை ஓட்டிக்கொண்டிருந்தது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலை மடக்கக் கூடாது. மடக்கினால் குழாய் நெளிந்து பலூன் நின்றுவிடும், உயிருக்கே ஆபத்து.

மனுஷர் ஆயுசு முழுக்கக் குத்தவைத்தே உட்கார்ந்தவர். கண் விழித்ததிலிருந்து முழங்கால் தானாக மேலே வந்தது. பலகை வைத்துத் துணிப்பட்டையால் கட்டினேன். ஊசியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவிழ்ந்து கிடந்தது. நாலு தடவை கட்டினேன், நாலு தடவையும் அவிழ்த்தார். தினமும் கட்டுமரத்தைக் கட்டி, கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடுகிற கைகள். என் முடிச்சு எம்மாத்திரம்!

"இன்னா சிஸ்டர், இதுக்குப் பேரு கட்டா?" என்று சிரிப்பு வேறு.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி மணியடித்தது. காலை இழுத்து நீட்டிய பிறகுதான் அடங்கியது. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவியைக் கையோடு அழைத்து வந்தேன். அந்தம்மா பட்டையை வாங்கி, இறுக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார்.

"யோவ், காலைத் தூக்குனியோ, தெரியும் சேதி! வெளியதான் குந்திகினு கீறேன்."

அவ்வளவுதான். மூன்று நாள் அந்தக் கால் அசையவில்லை. கட்டுக்குள் விரல் நுழைகிறதா, பாதம் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. டாக்டர் பெட்டியின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இதயம் சமாளித்துக்கொண்டது. நாலாம் நாள் பலூனை எடுத்தார்கள். மறுநாள் காலையில் காலை மடக்கலாம் என்று உத்தரவு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இருங்க, கட்டை அவுக்க உங்க வீட்டம்மாவைக் கூப்பிடறேன்" என்றேன்.

அவர் இரண்டு விரலால் நுனியைப் பிடித்து இழுத்தார். முடிச்சு நழுவி விழுந்தது.

"அடப்பாவி! இவ்வளவு சுலபமா வருமா? அப்புறம் ஏன் அவுக்கலை?"

"கட்டும்போது அவ கை நடுங்கிச்சு சிஸ்டர்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதைக் கவனிக்கவேயில்லை.