எட்டில் ஒரு மேகம்

எங்க கன்ட்ரோல் ரூம்ல அவருக்குப் பேரு 'சுமார்'. மதியம் எவ்வளவு சோலார் மின்சாரம் வரும்னு கணிக்கிறதுதான் வேலை. ஒத்த எண் அவர் வாயிலேர்ந்து வராது. "சுமார் இதுலேர்ந்து இதுவரைக்கும்"பார். "எத்தனை மணிக்கு வருவீங்க"ன்னு பொண்டாட்டி கேட்டாகூட, "ஏழுலேர்ந்து ஒம்போதுக்குள்ள, பெரும்பாலும் எட்டு"ம்பாராம். அந்தப் புண்ணியவதி எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ!

நான் பக்கத்து சீட். மின்சாரம் பத்தலைன்னா எந்தத் தெருவை இருட்டாக்கணும்னு ஸ்விட்சைத் தட்டுற பாவம் என் தலையில. அதனால, திட்டிக்கிட்டே அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேப்பேன்.

ரெண்டு தடவை மேகம் வரலாம்னு சொல்லி, அவசரத்துக்கு மின்சாரம் தர்ற கேஸ் டர்பைனைத் தயாரா ஓட விட்டார். ரெண்டு தடவையும் வெயில் கொளுத்துச்சு. மேலதிகாரி கொதிச்சுட்டார். "எரிபொருள் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? இன்னொரு தடவை ஆச்சு, மீட்டர் செக்‌ஷனுக்குத் தூக்கிடுவேன்!"

அன்னைக்குக் காலையில ஸ்கிரீனைப் பார்த்தவர் முகம் வெளுத்துப்போச்சு.

"மேகம் வர எட்டுல ஒரு வாய்ப்பு இருக்குக்கா. வந்தா பாதி மின்சாரம் போயிடும்."

"எட்டுல ஏழு வராதுல்ல? வாயை மூடிட்டு இருங்க தம்பி!"

ஆதங்கத்துல சொன்னேன். அவருக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க; மீட்டர் செக்‌ஷன் ஊருக்கு அந்தக் கோடியில.

மனுஷன் கேட்டாத்தானே! நேரா மேலதிகாரி முன்னாடி போய் நின்னார்.

"நாலு சோலார் பண்ணை இருக்கு. நாலுமா ஒரே நேரத்துல படுத்துக்கும்?"னு மேலதிகாரி சீறினார்.

"நாலு பண்ணையையும் மூடப்போறது ஒரே மேகம் சார். விழுந்தா சேர்ந்துதான் விழும்."

அவர் பிடிவாதத்துல டர்பைன் ஓடுச்சு. வந்து தொலையேன்னு மேகத்தை மனசுக்குள்ள கெஞ்சினேன். சாயங்காலம் வரைக்கும் வானம் துடைச்சு விட்ட மாதிரி கிடந்துச்சு, பாழாப்போன வானம்.

மறுநாள் மாற்றல் உத்தரவு வந்துடுச்சு.

"நீங்க சொன்னது தப்பே இல்லையே! எட்டுல ஒண்ணுதானே சொன்னீங்க!"ன்னு கத்தினேன், மேலதிகாரி காதுல விழட்டும்னே.

"நாளைக்கே இதே கணக்கு வந்தாலும் டர்பைனைத்தான் கேப்பேன்க்கா"ன்னு சொல்லிட்டு டிபன் டப்பாவோட கிளம்பிட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர் சுறுசுறுப்பானவர். மதியத்துக்கு ஒரே ஒரு எண் கொடுத்தார். மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல்லு.

நான் மெதுவா கேட்டேன். "இது எவ்வளவு முன்னபின்ன ஆகலாம் தம்பி?"

"ஆகவே ஆகாதுக்கா."

இத்தனை வருஷத்துல என் சீட்ல உட்கார எனக்குப் பயமா இருந்தது அன்னைக்குத்தான்.