நடுவில் வந்த பெண்

இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரைத் தெருவில் எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிடுவார்கள். கைக்குப் பொறுமை உண்டு, வாய்க்கு இல்லை என்பாள் அவர் மனைவி.

மகளுக்கு ஒன்பது வயதில் கடுமையான மூச்சுத்திணறல். டாக்டரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ஓடிவரும்போது, ஒரு பெண் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். பல வருஷ வயிற்றுவலி, யாருமே காது கொடுத்துக் கேட்கவில்லை என்று அழுதாள். டாக்டர் நின்றார்.

"உன் கதையெல்லாம் அப்புறம் வச்சுக்கம்மா, என் பொண்ணு சாகக் கிடக்கா!"

அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் டாக்டர் அவளோடு நின்ற அந்தப் பத்து நிமிஷத்தை அவரால் மன்னிக்க முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், தேவாலய மாடியறையில் சனிக்கிழமை மதியம் நடக்கும் சுவிசேஷ வகுப்பில் சேர்ந்தார். வீட்டில் இருந்தால் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வகுப்பு எடுத்தவர் கல்லூரி ஆசிரியை, மகள் வயதுதான். பைபிளில் ஒரே சம்பவத்தை மாற்கும் மத்தேயுவும் சொல்வதை அருகருகே அச்சடித்துக் கொடுத்து, வித்தியாசங்களைக் கலர் பென்சிலால் கோடிடச் சொல்வார்.

அன்று யூதர்களின் ஜெப ஆலயத் தலைவர் ஒருவரின் கதை. சாகக் கிடக்கும் மகளுக்காக இயேசுவை அவர் அழைத்துப் போகும் வழியில், பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கால் வாடிய ஒருத்தி கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள்.

லிஃப்ட்காரரின் பென்சில் நின்றது.

"டீச்சர், மத்தேயுவுல பொண்ணு முதல்லயே செத்துட்டா. மாற்குல உயிரோட இருக்கா. இந்தம்மாகிட்ட இயேசு பேசிட்டிருக்கும்போதுதான் செத்த சேதி வருது."

"ஆமா சார். மத்தேயு சுருக்கிடறாரு. மாற்கு ஒரு கதையப் பிளந்து நடுவுல இன்னொண்ண வைக்கிறாரு. நாமளும் அந்த அப்பாவோட காத்திருக்கணும்னுதான் அப்படி வச்சாருன்னு தோணுது. அந்தக் காலத்துல அவரு ஊர்ப் பெரிய மனுஷன், அவ தீட்டுன்னு ஒதுங்கி இருக்க வேண்டியவ. அவ பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பெரிய மனுஷன் நிக்கறாரு."

"அப்ப அந்த அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் எழுதல சார்."

அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மகளிடம், அன்று தான் கத்தியதை முதல்முறையாகச் சொன்னார்.

"அவங்களா? எனக்குத் துணிப் பொம்மை தச்சுக் குடுத்தாங்களேப்பா!"

மனைவி மெல்ல வாயைத் திறந்தாள். "அவங்களையும் அன்னிக்கே அங்கயே சேர்த்துட்டாங்க. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் தினம் நம்ம வார்டுக்கு வந்து இவகூட உக்காருவாங்க. அப்பதான் நான் கொஞ்சம் கண்ணசருவேன். உங்ககிட்ட சொன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்கன்னு சொல்லல. இப்பவும் போன்ல பேசிட்டுதான் இருக்கோம்."

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். ஒரே அறை, ஜன்னலோரம் தையல் மெஷின். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பாப்பா நல்லா இருக்காளா அண்ணே? அன்னிக்கு டாக்டர் நின்னதாலதான் கட்டியக் கண்டுபிடிச்சாங்க. நீங்கதான் பாவம், தவிச்சுப் போயிட்டீங்க."

"என் பொண்ணப் பாத்துக்கிட்டியேம்மா" என்றார் அவர்.

கிளம்பும்போது தையல் மெஷினின் பெல்ட் தளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள் மனைவி.

"போனா போகட்டும், அடுத்தது வரும்."