காற்றுக்கம்பி காயும் நேரம்

கிளாரன்ஸுக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான் என்று அவன் முகத்துக்கு நேராகவே நான் சொல்லியிருக்கிறேன். புக்கிட் செலம்பாவ் சாலையோரத்தில் அவனுடைய பட்டறையும் என் டயர் கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. நல்ல வேலைக்காரன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவனுக்காகப் பெண் கேட்டுப் போக ஆள் இல்லை. தானே போய்க் கேட்கிற ரகமும் அவன் இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் ஜெனவீவ் வந்தாள். பாலிங் கிளினிக்கில் நர்ஸ், எல்லாருக்கும் மிஸ்ஸி. அவள் அப்பா எர்னஸ்ட் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்து மானேஜர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது தன் வெளிநாட்டுக் காரை அவளுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை அப்பா அம்மாவைப் பார்க்க வருவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்புவாள். பாலிங் போகிற மேட்டில் கார் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"காடி இழுக்கவே மாட்டேங்குது. மிதிச்சா இருமுது" என்று கிளாரன்ஸிடம் வந்து நின்றாள். என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவள் அவனை ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன். கவனிக்க வேண்டியவன் கவனிக்கவில்லை.

கார்புரேட்டர் இல்லாத கார்கள் அப்போது எங்கள் பக்கம் புதுசு. இந்தக் காரில் காற்று ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு குழாய், அதற்குள் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று. உள்ளே போகிற காற்று எவ்வளவு என்று அந்தச் சூடான கம்பிதான் கண்டு சொல்லும். அதற்கேற்ப பெட்ரோல் பாயும். கம்பியில் அழுக்குப் படிந்தால் அது தப்பாகச் சொல்லும், வண்டி சோர்ந்துபோகும். கிளாரன்ஸ் குழாயைக் கழற்றினான். கம்பியைத் துணியால் துடைக்கக்கூடாது, அறுந்துவிடும். ரேடியோ ரிப்பேர்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பிரேயை எட்ட நின்று அடித்தான். செம்மண் கலந்த எண்ணெய் வழிந்தது. காயவைத்து மாட்டியதும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

அடுத்த மாதமும் வந்தாள், அதற்கடுத்த மாதமும் வந்தாள். அந்த ஸ்பிரே கண்ணை மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். கிளாரன்ஸ் அதை அரை மணி நேரம் காயவைப்பான். அவள் என் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, கொண்டுவந்த கறிபாப் பலகாரத்தைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்து, கிளினிக் கதை, மாதா கோயில் பாட்டுக்குழுக் கதை எல்லாம் சொல்வாள். அவன் கையில் குழாயை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்பான். அவள் போன பிறகு அவனுக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஒரு நாள் நானே கேட்டேன். "மாசா மாசம் அழுக்காவுது. எதனாலன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணே. அவங்க அப்பா ஃபில்டருக்கு எண்ணெய் ஊத்துறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய டிராக்டரில் காற்று ஃபில்டருக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும், தூசியை அந்த எண்ணெய்தான் பிடிக்கும். டிராக்டரோடு வாழ்ந்தவருக்குக் காய்ந்த ஃபில்டரைப் பார்த்தால் மனசு கேட்குமா? மகள் வீட்டுக்கு வந்ததும் அந்தக் காகித ஃபில்டரில் பாசமாக எண்ணெய் விட்டிருக்கிறார். அது கம்பியில் போய் ஒட்டியிருக்கிறது.

"சொல்ல வேண்டியதுதானே லா?"

"சொன்னா காடி சரியாயிடும். அப்புறம் ஏன் வருவாங்க?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். பாவமாக இருந்தது. அந்த அரை மணி நேரத்துக்காக அவன் மாதம் முழுவதும் காத்திருந்தான்.

மழைக்காலத்தில் ஒரு தடவை அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். மேட்டில் கார் நின்றுவிட்டதாம், பின்னால் வந்த மர லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனதாம். கிளாரன்ஸ் முகம் செத்துப்போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் ஒரு டின் பிஸ்கட்டுமாக எர்னஸ்ட் வீட்டுக்குக் கிளம்பினான். கடைசியில் இவனுக்கும் துணிச்சல் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திரும்பி வந்ததும் ஆசையாகக் கேட்டேன். "என்னடா சொன்னாரு?"

"இனிமே எண்ணெய் ஊத்த மாட்டேன்னு சொல்லிட்டாரு அண்ணே."

"வேற?"

"வேற ஒண்ணும் பேசல."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு கார் நன்றாக ஓடியது. அவள் பட்டறைப் பக்கம் நிறுத்துவதில்லை. ஞாயிறு சாயங்காலம் அந்த இன்ஜின் சத்தம் தூரத்தில் கேட்டாலே கிளாரன்ஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவான். கார் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுக் கடந்துபோகும். அந்த ஹார்னுக்காக ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்து வைத்திருந்தான், பைத்தியக்காரன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள் நிறுத்தினாள். இறங்கி வந்து அவன் எதிரே நின்றாள். நான் டயரைக் கழுவுகிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல எனக்கு ஓலை வாசிக்கிறாங்க. மாப்பிள்ளைக்கு ஊர் ஈப்போ" என்றாள். பூசையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதைத்தான் அவர்கள் ஓலை என்பார்கள்.

கிளாரன்ஸ் தலையாட்டினான். "காடி நல்லா ஓடுதா?" என்று கேட்டான்.

அவள் அவனையே பார்த்தாள். "அப்பா எண்ணெய் ஊத்துறதுனாலதான்னு எனக்கு முன்னாடியே தெரியும். பாலிங்ல ஒரு மெக்கானிக் சொல்லிட்டாரு. அப்பாவை ஊத்த வேணாம்னு நான் சொல்லல."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"வெள்ளைச் சட்டை போட்டு நீங்க வந்த அன்னைக்கு நான் குசினியில அடுப்புகிட்ட இருந்தேன். அம்மா ஓடி வந்து சீலை மாத்தச் சொன்னாங்க. மாத்திட்டேன். நீங்க ஃபில்டரைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டீங்க."

கார் கிளம்பிப் போனது. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னும் நேரம் இருக்கிறது, போய்ப் பேசு என்று நான் கத்தினேன், கெஞ்சினேன், நானே வருகிறேன் என்றேன். அவர்கள் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள் அண்ணே என்று மட்டும் சொன்னான். மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. கல்யாணம் நடந்தது, அவள் ஈப்போவுக்குப் போய்விட்டாள்.

ரொம்ப நாள் கழித்து, நான் கேட்காமலேயே ஒரு தடவை சொன்னான்.

"அன்னைக்குத் தேத்தண்ணி கொண்டாந்து வச்சது அவங்கதான் அண்ணே. நான் தலையைத் தூக்கவே இல்ல."