மணிக்காரர் பார்க்காத சீட்டு

கிளப்பில் அவருக்கு மணிக்காரர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு அவர்தான் நடுவர். அவர் மணியடித்தால் எல்லோரும் மேசை மாற வேண்டும். சண்டை வந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. யாரும் முன்வராத வேலைக்குப் பெருந்தன்மையாகத் தலையைக் கொடுத்தார் மனுஷன். நடுவர் ஆட முடியாதே! அதுவரை ஜோடியாக ஆடிய மனைவிக்கு வேறு ஆள் வேண்டுமே! தனியாக வந்துகொண்டிருந்த பல் டாக்டரை அவரே கூட்டிக்கொண்டுபோய் அவள் எதிரில் ஜோடியாக உட்காரவைத்தார்.

அன்று பிடித்தது வயிற்றெரிச்சல்.

டாக்டர் லேசில் சீட்டை இறக்கமாட்டார். மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், மோவாயைத் தடவுவார். மற்ற மேசைகளில் ஆட்டத்தை முடித்துவிட்டுக் காபியும் குடித்துவிடுவார்கள். அவளோ கன்னத்தில் கைவைத்துச் சாந்தமாகக் காத்திருப்பாள். வீட்டில் இவர் சாவியைத் தேடினால் வாசலில் நின்று கத்துகிறவள்! சீக்கிரம் ஆடுங்கள் என்று இவர் போய்ச் சொன்னால், டாக்டர் மன்னிப்புக் கேட்பார்; அவள் முறைப்பாள். போதாக்குறைக்கு அந்த ஆள் நல்லவர் வேறு. மனசாரத் திட்டக்கூட வழியில்லை.

போன ஞாயிறு, சீட்டு இறக்குவதற்கு முன் எவ்வளவு ஜெயிப்போம் என்று கேட்கும் ஏலத்தில், டாக்டர் யுகக்கணக்காக யோசித்துவிட்டுக் கடைசியில் 'பாஸ்', கேட்கவில்லை என்றார். தன் முறை வந்ததும் அவள் துணிந்து நாலு இஸ்பேடு கேட்டாள். எதிராளி உடனே நடுவரைக் கூப்பிட்டுவிட்டார். ஜோடி தயங்கியதை வைத்தே அவரிடம் நல்ல சீட்டு இருக்கிறதென்று இந்த அம்மா கண்டுபிடித்துக் கேட்கிறார்கள், இது செல்லாது என்றார்.

இந்த மாதிரித் தகராறில் மணிக்காரர் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: ஆட்டம் நடக்கட்டும், முடிந்ததும் சீட்டைப் பார்த்துச் சொல்கிறேன். கேட்டவர் கையிலேயே அந்த அளவுக்குச் சீட்டு இருந்தால் ஏலம் செல்லும். ஆனால் அன்று அவர் மண்டையில் ஏறியது வேறு. அந்த ஆள் வாயே திறக்கவில்லை, அவர் மனசில் இருப்பது இவளுக்குத் தெரிகிறதாம்! பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலம் செல்லாது. பாஸ்னு வெச்சுக்கிட்டு ஆடுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார். தாமதித்தது தன் தப்புதான் என்று டாக்டர் எழுந்து நின்று சொன்னார். அவள் சீட்டை நேராக்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது இவரே ஆரம்பித்தார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே, பொண்டாட்டி என்பதற்காக விட்டுவிட முடியுமா என்றார்.

"என் கையில ஏழு இஸ்பேடு இருந்துச்சு. ஏஸ், ராஜா, ராணி எல்லாம் எங்கிட்டதான்" என்றாள்.

மணிக்காரருக்குச் சுருக்கென்றது. அந்தச் சீட்டுக்கு நேற்று ஆடக் கற்றுக்கொண்டவன்கூடக் கேட்டிருப்பான். அதை அங்கேயே சொல்ல வேண்டியதுதானே என்றார், குரல் இறங்கிப்போய்.

"ஆட்டத்துக்கு நடுவுல கையில இருக்கிறதைச் சொல்லக்கூடாது. நீங்கதான் பார்க்கணும்." உள்ளே போகப்போனவள் நின்றாள். "அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் அஞ்சு நிமிஷம் யோசிக்கிறார். எனக்காக நீங்க ஒரு நிமிஷம் யோசிக்கலையே."